ஆசானை வரவேற்ற நகரம்

சீன நாட்டுக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் அயல்நாட்டார் ஒருவர், அங்குள்ள பெருநகரங்களுள் எது தம்மை முகமலர்ந்து வரவேற்கும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். விடை கூறப் பலர் முன்வருவர். மிகுந்த ஊதியம் தரும் ஊரை ஒருவர் சுட்டுவார். குளிர் குறைந்த ஊரை மற்றொருவர் சுட்டுவார். போக்குவரத்து வசதி நிறைந்த ஊரே சிறந்தது என்பார் வேறொருவர். இவை யாவும் எண்ணத்தக்கனவே. ஆயினும் இக்கேள்விக்கு வரலாறு கூறும் விடையும் ஒன்று உண்டு. சீனத்துப் பெருநகரங்களுக்கு ஆங்கில ஆசிரியர் புதியவர் அல்லர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரங்கள் அவரைக் கண்டு ஐயுற்றிருக்கின்றன, அழைத்திருக்கின்றன, வெளியேற்றியிருக்கின்றன, மீண்டும் அழைத்திருக்கின்றன.

வாயிலைத் திறந்துவிடுவது வேறு, வரவேற்பது வேறு. வந்தவர் எங்கே தங்கினார்? யாரோடு பழகினார்? எவருடைய சட்டத்துக்கு உட்பட்டார்? அவரோடு பழகிய உள்ளூரார் அதற்கு என்ன விலை கொடுத்தனர்? இந்த நான்கு வினாக்களையும் கேட்டால்தான் ஒரு நகரின் வரவேற்பு எத்தகையது என்பது விளங்கும். இவற்றைக் கையில் கொண்டு ஐந்து நகரங்களுக்குச் சென்று வருவோம்.

முதலாவது குவாங்சௌ. தென் சீனத்தில் முத்தாற்றின் கரையில் அமைந்த இத்துறைமுகத்தை முன்னாளில் ஐரோப்பியர் காண்டன் என்று அழைத்தனர். 1757ஆம் ஆண்டில் பேரரசர் சியான்லுங், மேலை நாட்டாரின் கடல் வாணிகம் இந்த ஒரு நகரிலேயே நடைபெற வேண்டும் என்று ஆணையிட்டார். வந்த வணிகர் நகர மதிலுக்குள் நுழையலாகாது. மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் வரிசையாக அமைந்த பண்டகசாலைகளில் தங்க வேண்டும். வாணிகப் பருவம் முடிந்ததும் மக்காவுக்குச் சென்றுவிட வேண்டும். மனைவியரை உடன் அழைத்து வருதலும் கூடாது. இவற்றோடு மற்றொரு தடையும் இருந்தது. சீனர் எவரும் அயலாருக்குச் சீன மொழியைக் கற்பித்தல் குற்றமாகக் கருதப்பட்டது.

அத்தடை எத்துணைக் கொடியது என்பதை 1759ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளிண்ட் என்னும் ஆங்கிலேயர் சீன மொழி கற்றவர். காண்டன் அதிகாரிகளின் மீது குறை கூறி எழுதிய மனு ஒன்றுடன் அவர் வடக்கே தியான்ஜின் வரை கப்பலில் சென்றார். அதன் விளைவாக மக்காவில் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தார். அம்மனுவைச் சீன மொழியில் எழுத உதவிய சீனருக்கோ தலை போயிற்று. மனுச் செய்தவர் சிறை சென்றார். எழுத்துக்கு உதவியவர் உயிர் துறந்தார். மொழியின் வாயிலில் நின்றவர் கொடுத்த முதல் விலை இது.

கற்கவும் கற்பிக்கவும் தடை இருந்தால் வாணிகம் நின்றுவிடுமா? நிற்காது. காண்டன் கடைத்தெருவில் ஆங்கிலச் சொற்களைச் சீன இலக்கண ஒழுங்கிலே கோத்துப் பேசும் கலவை மொழி ஒன்று பிறந்தது. அதனைப் 'பிட்ஜின்' என்பர். 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல் சீனர் நாவில் திரிந்ததே இப்பெயர் என்பது அறிஞர் பலர் கருத்து. ஆங்கிலச் சொற்களின் ஒலியைச் சீன எழுத்துக்களால் குறித்துக் காட்டும் சிறு கையேடுகளும் விற்பனைக்கு வந்தன. ஆசிரியரின்றி மக்கள் தாமே அமைத்துக்கொண்ட பள்ளி அது. ஆனால் அம்மொழி தேயிலைக்கும் பட்டுக்கும் விலை பேசப் போதுமானதாயிற்றேயன்றி, ஒருவர் உள்ளத்தை மற்றொருவர் அறியப் போதவில்லை. 1807ஆம் ஆண்டில் அங்கு வந்த ராபர்ட் மாரிசன் என்னும் சமயத் தொண்டர் சீன மொழியை மறைவாகவே கற்றார். அவர் தொகுத்த பெரிய அகராதி 1815 முதல் 1823 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவருக்குக் கற்பித்த சீனர், அரசின் தண்டனைக்கு அஞ்சி அஞ்சியே கற்பித்தனர்.

மாரிசன் பெயரால் அமைந்த கழகம் ஒன்று 1839இல் மக்காவில் ஒரு பள்ளியைத் தொடங்கிற்று. சாமுவேல் பிரவுன் என்ற அமெரிக்கர் அதன் ஆசிரியர். ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த யுங் விங் என்னும் சிறுவன் அங்குப் பயின்றான். பள்ளி பின்னர் ஹாங்காங்குக்கு மாறியது. பிரவுன் 1847இல் நாடு திரும்பியபோது அம்மாணவனையும் மற்றும் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். 1854இல் யுங் விங் யேல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. பிற்காலத்தில் அவரது முயற்சியால் 1872 முதல் 1875 வரை 120 சீனச் சிறுவர் அமெரிக்காவுக்குக் கல்வி பயில அனுப்பப்பட்டனர். காண்டன் நகர மதிலுக்குள் வளர இயலாத வித்து, மதிலுக்கு வெளியே முளைத்து மரமாயிற்று.

இனி இரண்டாவது நகரம். முன்னாளில் பீக்கிங் என வழங்கிய தலைநகர் பெய்ஜிங் ஆங்கில ஆசிரியரை அழைத்த கதை விந்தையானது. அவ்வழைப்புப் போரின் தோல்வியிலிருந்து பிறந்தது. 1858ஆம் ஆண்டு தியான்ஜின் உடன்படிக்கையில் ஒரு விதி இடம்பெற்றது. பிரித்தானிய அதிகாரிகள் சீன அரசுக்கு எழுதும் கடிதங்கள் இனி ஆங்கிலத்திலேயே இருக்கும். சீன அரசு மாணவரைத் தேர்ந்து ஆங்கிலம் கற்பிக்கும் காலம் வரை, சீன மொழிபெயர்ப்பும் உடன் வரும். இரண்டிற்கும் பொருள் வேறுபாடு தோன்றினால் ஆங்கில வாசகமே முடிவாகும். தான் ஒப்பமிட்ட தாளின் பொருளைத் தானே அறிய இயலாத நிலைக்கு ஒரு பேரரசு வந்து சேர்ந்தது. ஆங்கிலம் அறிதல் அந்நாட்டின் தற்காப்புக்கு உரிய கருவியாயிற்று.

அதன் பயனாக 1862இல் பெய்ஜிங்கில் துங்வென் குவான் என்னும் அரசு மொழிப் பள்ளி தோன்றிற்று. முதலில் பத்து மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜான் பர்டன் என்ற ஆங்கிலேயச் சமயத் தொண்டர் முதல் ஆசிரியராக அமர்ந்தார். மொழியை மட்டுமே கற்பிக்க வேண்டும். தம் சமயத்தைப் போதிக்கலாகாது என்பது அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. சீன இலக்கியம் கற்பிக்க அமர்த்தப்பட்ட உள்நாட்டு ஆசிரியருக்கு மற்றொரு பணியும் இருந்தது. அயல்நாட்டு ஆசிரியரை மறைமுகமாகக் கண்காணிப்பதே அப்பணி. மொழி வேண்டும், மொழியோடு வரும் எண்ணங்கள் வேண்டா. ஆசிரியர் வேண்டும், அவர்மீது ஒரு கண்ணும் வேண்டும். இக்கொள்கை அன்றோடு மறைந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1867இல் அப்பள்ளியில் வானநூலும் கணிதமும் சேர்க்க அரசு முற்பட்டபோது, வோரன் என்னும் பேரமைச்சர் கடுமையாக எதிர்த்தார். சீனம் பரந்த நாடு. அறிஞர் நிறைந்த நாடு. அயலாரை ஆசானாக ஏற்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். சீர்திருத்தத்தை விரும்பிய இளவரசர் குங் அதற்கு அளித்த மறுமொழி நயமானது. அத்தகைய உள்நாட்டு ஆசிரியர்களை வோரனே தேர்ந்து தருக என்று அரசு கேட்கும்படி அவர் செய்தார். தம்மிடம் அத்தகையோர் இலர் என்று வோரன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வாதத்தில் இளவரசர் வென்றார் எனினும், அவ்வெதிர்ப்பினால் நற்குடி மாணவர் பலர் அப்பள்ளியை நாடத் தயங்கினர். பள்ளியின் கதவு திறந்திருந்தது. ஊரார் உள்ளம் மூடியிருந்தது. 1902இல் இப்பள்ளி, பிற்காலத்தில் பெய்ஜிங் பல்கலைக்கழகமாக வளர்ந்த அரசு உயர்கல்வி நிலையத்துடன் இணைந்தது.

மூன்றாவது நகரம் ஷாங்காய். ஆங்கில ஆசிரியருக்கு இதைவிட வசதியான நகரம் அக்காலத்தில் வேறு இல்லை. 1863இல் லி ஹுங்சாங் என்னும் அரசியலறிஞரின் முயற்சியால் அங்கும் அரசு மொழிப் பள்ளி அமைந்தது. பெய்ஜிங்கில் ஆங்கிலம் கற்பித்த ஜான் பிரையர் பின்னர் ஷாங்காய்க்கு வந்தார். 1868 முதல் ஜியாங்னான் படைக்கலச் சாலையின் மொழிபெயர்ப்புத் துறையில் சேர்ந்து, சீன அறிஞர்களுடன் அமர்ந்து அறிவியல் நூல்களைச் சீனத்தில் ஆக்கினார். 1879இல் புனித ஜான் கல்லூரி தோன்றிற்று. பிற்காலத்தில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வாயிலாகவே நடந்தன. ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்ற லின் யூதாங் அக்கல்லூரியின் மாணவரே.

இந்நகரத்தில் நம் மூன்றாவது வினாவை எழுப்புதல் வேண்டும். இங்கு வாழ்ந்த ஆங்கிலேய, அமெரிக்க ஆசிரியர் எவருடைய சட்டத்துக்கு உட்பட்டார்? சீனச் சட்டத்துக்கு அல்ல. உடன்படிக்கைகளின்படி அவர்மீது வரும் வழக்கை அவர் நாட்டு அதிகாரியே விசாரிப்பார். ஷாங்காயின் நடுப்பகுதியை அயல்நாட்டார் தாமே ஆண்டனர். அவ்வாறாயின் வரவேற்றவர் யார்? வந்தவர் யார்? விருந்தினரே வீட்டுக்காரராகிவிட்ட நகரம் அது.

1925ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், அயல்நாட்டார் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியில், நான்ஜிங் சாலையில் கூடிய சீனர் மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். பலர் மாண்டனர். இறந்தோர்க்கு இரங்கல் தெரிவிக்கக் கல்லூரியின் கொடிக்கம்பத்தில் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று புனித ஜான் கல்லூரி மாணவர் விரும்பினர். அமெரிக்கத் தலைவர் அதற்கு இசையவில்லை. கல்லூரியும் அதனைச் சார்ந்த பள்ளியும் சேர்ந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவரும், சீன ஆசிரியர் சிலரும் வெளியேறினர். அவர்கள் அவ்வாண்டே குவாங்குவா என்ற புதிய பல்கலைக்கழகத்தைத் தொடங்கினர். எண்ணிப் பாருங்கள். அம்மாணவர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். ஆங்கிலத்தைத் திறம்படக் கற்றவர். அவர்கள் மறுத்தது மொழியை அன்று. தம் துயரத்துக்கு இடமில்லாத பள்ளியை. வசதி மிகுந்த நகரம் வரவேற்கும் நகரமாகிவிடாது என்பதற்கு ஷாங்காயே சான்று.

நான்காவது நகரம் குன்மிங். தென்மேற்கு மூலையில் யுன்னான் மேட்டு நிலத்தில் அமைந்த இந்நகருக்கு ஆங்கிலக் கல்வி வந்த வழி வருத்தம் நிறைந்தது. 1937 ஜூலையில் ஜப்பானியப் படை பெய்ஜிங்கைத் தாக்கியது. பெய்ஜிங், சிங்குவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தெற்கே சாங்ஷா நகருக்குப் பெயர்ந்தன. கலைத்துறை மாணவர் நான்யூ என்ற மலைப்பகுதியில் தங்கினர். அவர்களோடு ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமான வில்லியம் எம்ப்சனும் சென்றார். அங்கே நூலகம் இல்லை, நூல்களும் இல்லை. தம் நினைவில் இருந்த ஆங்கிலக் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் எழுதிக் காட்டியே அவர் பாடம் நடத்தினார். சாங்ஷாவும் ஆபத்துக்கு உள்ளானபோது பல்கலைக்கழகம் 1938இல் மீண்டும் பெயர்ந்தது. மாணவருள் ஒரு பகுதியினர் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவைப் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்து குன்மிங்கை அடைந்தனர்.

எம்ப்சனும் முதலில் மெங்சு என்ற சிற்றூரிலும் பின்னர்க் குன்மிங்கிலும் 1939 வரை கற்பித்தார். மாணவர் உண்டதை அவரும் உண்டார். மாணவர் அஞ்சிய விமானக் குண்டுக்கு அவரும் அஞ்சினார். தனி மாளிகையும் இல்லை. தனிச் சட்டமும் இல்லை. அந்நாளைய மாணவருள் ஒருவர் சூ குவோசாங். 1960களில் அவர் தொகுத்த ஆங்கிலப் பாடநூல் சீன நாடெங்கும் பரவியது. அயல்நாட்டு ஆசிரியர் சென்ற பிறகும், அவர் விதைத்தது உள்நாட்டு ஆசிரியரிடம் விளைந்தது. போரின் முடிவில், 1946இல், பல்கலைக்கழகங்கள் தத்தம் ஊருக்குத் திரும்பின. எம்ப்சன் 1947இல் பெய்ஜிங்குக்கு மீண்டும் வந்து 1952 வரை கற்பித்தார். துன்பத்தைப் பகிர்ந்துகொண்டவரை மாணவர் மறப்பதில்லை. அவரும் மாணவரை மறக்கவில்லை.

1949இல் மக்கள் குடியரசு அமைந்தது. கொரியப் போர் மூண்டபின் அமெரிக்கரும் பிறரும் வெளியேறினர். சமயச் சார்பான கல்லூரிகள் மூடப்பட்டன. புனித ஜான் 1952இல் மறைந்தது. ரஷ்ய மொழியே முதன்மை பெற்றது. ஆயினும் ஆங்கில ஆசிரியர் சிலர் பெய்ஜிங்கில் தங்கினர். அவருள் குறிக்கத்தக்கவர் டேவிட் குரூக், இசபெல் குரூக் என்னும் தம்பதியர். டேவிட் லண்டனில் பிறந்தவர். இசபெல் கனடா நாட்டுப் பெற்றோர்க்கு 1915இல் செங்டு நகரில் பிறந்தவர். 1948இல் ஹெபெய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இயங்கிய மொழிப் பள்ளியில் இருவரும் ஆசிரியப் பணி ஏற்றனர். அப்பள்ளியே பெய்ஜிங்குக்குப் பெயர்ந்து, இன்றைய பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

புதிய சீனத்தின் நண்பராகவே அவர்கள் வாழ்ந்தனர். அந்நட்பும் டேவிடைக் காக்கவில்லை. பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பில் 1967ஆம் ஆண்டு அவர் ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் சிறைப்பட்டார். 1973இல்தான் விடுதலை பெற்றார். விடுதலைக்குப் பின் அவர் நாட்டை விட்டுச் செல்லவில்லை. மீண்டும் வகுப்பறைக்கே சென்றார். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இசபெல் அம்மையாருக்குச் சீன அரசு 2019இல் நட்புப் பதக்கம் அளித்தது. 2023 ஆகஸ்டில், தம் 107ஆம் வயதில், பெய்ஜிங்கில் அவர் காலமானார். ஒரே நகரம் ஒரே குடும்பத்துக்குச் சிறையும் தந்தது, பதக்கமும் தந்தது. அரசின் முகம் காலத்துக்குக் காலம் மாறும். அவர்களிடம் பயின்ற மாணவரின் அன்போ மாறாது நின்றது.

1977இன் இறுதியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் நடந்தது. ஏறத்தாழ 57 இலட்சம் பேர் தேர்வு எழுதினர். பத்தாண்டுகள் அடைபட்டிருந்த கல்வி வேட்கை வெள்ளமாகப் பாய்ந்தது. ஷாங்காய் மக்கள் பூங்காவில், ஆங்கிலம் பழக விரும்பியோர் தாமே கூடிப் பேசத் தொடங்கினர். 'ஆங்கில மூலை' என்று பெயர் பெற்ற இவ்வழக்கம் பல நகரங்களுக்கும் பரவிற்று. 1982இல் பி.பி.சி. நிறுவனத்தின் ஆங்கிலப் பாடத்தொடர் ஒன்று சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கேத்தி ஃபிளவர் என்ற ஆசிரியை சீன இல்லங்களில் அறிந்த முகமானார்.

மீண்டும் ஆசிரியர் அழைக்கப்பட்டனர். ஆனால் பழைய வழக்கத்தின் நிழல் நீங்கவில்லை. 'அயல்நாட்டு வல்லுநர்' என்ற மதிப்புமிக்க பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. தனி விடுதியும் கிடைத்தது. பெய்ஜிங்கில் சோவியத் வல்லுநருக்காக 1950களில் கட்டிய நட்புறவு விடுதியே பலருக்கு உறைவிடமாயிற்று. அவர்கள் கையாளத் தனிப் பணத்தாளும் 1980 முதல் 1990களின் நடுப்பகுதி வரை வழக்கில் இருந்தது. பழைய காண்டன் பண்டகசாலையை இது நினைவூட்டவில்லையா? விருந்தினருக்குப் பட்டுமெத்தை இட்டு, அறையைப் பூட்டி வைப்பது போன்ற உபசாரம் இது.

இந்நிலையில் ஐந்தாவது நகரமாகிய செங்டுவைக் காண்போம். சிச்சுவான் மாநிலத்தின் தலைநகரம் இது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 2 கோடிக்கு மேல். கடலுக்கு நெடுந்தொலைவில், மலைகள் சூழ்ந்த சமவெளியில் உள்ளது. இந்நகரின் இயல்பை அறிய அதன் பழங்கதையை அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த போர்களாலும் பஞ்சத்தாலும் சிச்சுவான் ஏறத்தாழ வெறுமையாயிற்று. பின்னர் அரசின் ஊக்கத்தால் ஹூபெய், ஹூனான், குவாங்டுங் முதலிய மாநிலங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து குடியேறினர். ஆகவே செங்டு மக்களுள் பெரும்பாலோர் வந்தேறிகளின் வழிவந்தவர். தம் பாட்டனும் ஒரு நாள் புதியவராக வந்து நின்றவரே என்று அறிந்த ஊர், புதியவரை விழித்து நோக்குவது குறைவு.

அவ்வூரின் தேநீர்க் கடைகளும் புகழ் பெற்றவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு 450 அளவில் தேநீர்க் கடைகள் இருந்தன. மூங்கில் நாற்காலியில் அமர்ந்து, மூடியிட்ட கிண்ணத்தில் ஒரு முறை தேநீர் வாங்கினால், வெந்நீர் ஊற்ற ஊற்ற நாள் முழுதும் அமர்ந்திருக்கலாம். செல்வரும் கூலியாளும் அருகருகே அமர்வர். மொழி பழக விரும்பும் அயலாருக்கு அதனினும் சிறந்த பள்ளி உண்டோ? பண்டகசாலையில் மதில் உண்டு. விடுதியில் காவல் உண்டு. தேநீர்க் கடையில் பக்கத்து நாற்காலி உண்டு.

1910இல் அங்கு மேற்குச் சீன ஐக்கியப் பல்கலைக்கழகம் தோன்றியது. கனடா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் சமயச் சங்கங்கள் அதனைத் தொடங்கின. அதன் மருத்துவக் கல்வி மரபு இன்று சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் பகுதியாக வாழ்கின்றது. ஜப்பானியப் போரின்போது, இடம்பெயர்ந்த வேறு பல்கலைக்கழகங்களுக்கும் அவ்வளாகம் இடம் கொடுத்தது. சீனரும் அயலாருமாகிய ஆசிரியர் ஒரே நிழலில் அமர்ந்து கற்பித்தனர். குன்மிங்கில் எம்ப்சன் கண்ட தோழமைக்குச் செங்டுவிலும் மரபு இருந்தது.

1993இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் தொண்டர் குழு சிச்சுவானுக்கு வந்தது. படை என்பது பெயரளவே. பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பிக்கும் இளைஞர். செங்டு அவர்களின் தலைமையிடம் ஆயிற்று. அங்கு மொழிப் பயிற்சி பெற்று, சிற்றூர்க் கல்லூரிகளுக்கு அவர்கள் சென்றனர். 2020 வரை 1,300க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவருள் ஒருவர் பீட்டர் ஹெஸ்லர். 1996 முதல் 1998 வரை யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஃபூலிங் ஊரில் வருங்கால ஆசிரியருக்கு ஆங்கிலம் கற்பித்தார். தாமும் சீனம் கற்றார். அவ்வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் அவருக்கு எழுத்தாளர் என்ற பெயரை ஈட்டித் தந்தது. 2019இல் குடும்பத்துடன் செங்டுவுக்குத் திரும்பி, சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய பழைய மாணவருள் பலர் அப்போது தாமே ஆங்கில ஆசிரியராக விளங்கினர்.

எனினும் செங்டுவையும் முழுநிலவாகக் காட்டிவிடல் உண்மையாகாது. 2020இல் அமைதிப் படைத் திட்டம் முடிவுற்றது. அதே ஆண்டு ஜூலையில் இரு வல்லரசுகளின் பூசலால் அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகமும் மூடப்பட்டது. 2021இல் ஹெஸ்லரின் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நகரத்தின் உள்ளம் விரிந்திருந்தாலும், நாட்டின் வாயிலைத் திறப்பதும் மூடுவதும் தலைநகரின் கையில் உள்ளது.

அத்தலைநகரின் விதிகளையும் சிறிது அறிதல் நன்று. 2017 முதல் அயல்நாட்டுப் பணியாளரைச் சீன அரசு மூன்று வகுப்புகளாகப் பிரித்து உரிமம் வழங்கி வருகிறது. மொழி கற்பிப்போர் தம் தாய்மொழியையே கற்பித்தல் வேண்டும். பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். பணி அனுபவமோ ஆசிரியப் பயிற்சிச் சான்றோ காட்டுதல் வேண்டும் என்பது பொது விதி. நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டார்க்கே வாயில் எளிதில் திறக்கிறது. நம் நாட்டு இளைஞர், ஆங்கிலத்தில் எத்துணைப் புலமை பெற்றிருப்பினும், அப்பட்டியலில் இடம் பெறுதல் அரிது. புலமையைக் காட்டிலும் பிறந்த நாட்டை நோக்கும் இவ்விதி சிந்தனைக்கு உரியது.

2021 ஜூலையில் மற்றோர் ஆணை பிறந்தது. பள்ளி மாணவரின் சுமையைக் குறைக்கும் நோக்குடன், இலாபம் கருதி நடந்த தனிப்பயிற்சி நிலையங்களை அது ஒடுக்கிற்று. வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தின் வாயிலாகச் சீனச் சிறுவருக்குப் பாடம் நடத்தும் அயலாரை அமர்த்துவதையும் அது தடுத்தது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஒரே ஆணையில் மாறிற்று. மொழி வேண்டும், மொழியோடு வருவனவற்றை அரசே அளந்து பார்க்கும் என்ற 1862ஆம் ஆண்டுக் கொள்கை, வேறு உருவில் இன்றும் வாழ்கின்றது.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எந்த நகரைத் தேர்ந்தெடுப்பது? ஊதியம் ஒன்றே குறிக்கோளாயின் ஷாங்காயும் பெய்ஜிங்கும் முன்நிற்கும். வாணிக உலகைக் காண விரும்புவோர்க்குக் குவாங்சௌ உண்டு. ஆனால் நம் நான்கு வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டால், செங்டுவையே முதலில் சுட்டத் தோன்றுகிறது. வந்தவர் மக்களிடையே தங்க இயலும் ஊர் அது. எல்லா வகையினரோடும் பழக இடமுண்டு. வந்தேறிகளால் வளர்ந்தமையால் புதியவரைப் பொறுக்கும் பழக்கமும் உண்டு. குறையும் உண்டு, அதனையும் கண்டோம்.

நகரைத் தேர்ந்தெடுப்பதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒரே பெய்ஜிங் நகரில், மாணவர் அணுக அஞ்சிய ஆசிரியரும் இருந்தனர். குரூக் தம்பதியரும் இருந்தனர். ஒரே ஷாங்காயில், சீனர் மீது அதிகாரம் செலுத்திய அயலாரும் இருந்தனர். சீன அறிஞருக்கு அருகே அமர்ந்து நூல் பெயர்த்த பிரையரும் இருந்தார். மாணவனின் மொழியைத் தானும் கற்று, அவன் துயரில் தானும் பங்குகொண்ட ஆசிரியருக்கே அந்நகரங்கள் உண்மையில் திறந்தன. மற்றவர் மதிலுக்கு உள்ளே வாழ்ந்தும் மதிலுக்கு வெளியே நின்றவரே ஆவர்.

மாணவ நண்பர்களே, நீங்களும் நாளை ஏதோ ஓர் ஊருக்குக் கற்கவோ கற்பிக்கவோ செல்லக்கூடும். அவ்வூர் சீனத்தில் இருக்கலாம், வேறெங்கும் இருக்கலாம். அங்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது இயல்பே. உங்களை வரவேற்பதற்காக அவ்வூரார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பதையும் உடன் கேளுங்கள். 1759இல் ஒரு மனுவை எழுதித் தந்து உயிர் துறந்தாரே, அச்சீனர் எந்தப் பள்ளியின் ஆசிரியரும் அல்லர். எனினும் இரு மொழிகளுக்கு இடையே நின்று உதவ முன்வந்தவர் அவர். சீனத்து நகரங்களில் இன்று எழும் ஒவ்வோர் ஆங்கில வகுப்பின் ஒலியிலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.